சாட்சியும் சரித்திரமும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில் வழியாக வத்திராயிருப்பு போய், கூமாபட்டியைத் தாண்டினால் பிளவக்கல். மலையடிவாரத்தில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். அதற்குச் சற்று முன்னால் ஒரு தென்னந்தோப்பு, அதில் ஒரு தகரக் கொட்டகை. ஊழியப் பயிற்சிக்கு வந்த 14 பேருக்கு அங்கே நான் இரண்டு நாள் வகுப்பெடுத்தேன். பாடம் சபைச் சரித்திரம். கொஞ்சம் வேதபாடமும்.

நான் இறையியல் படித்தவன் அல்ல. படித்தது இன்ஜினியரிங், பிழைப்பு சாப்ட்வேர். சின்ன வயதில் சண்டே ஸ்கூல், வாலிப வயதில் கொயர், இப்போது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோவில் என்று ஆகிவிட்ட ஆள். முகாமை நடத்துபவர் எங்கள் குடும்ப நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லோருக்கும் அவர் 'சார்'தான். "நீதான் என்னென்னமோ படிக்கிற, கட்டுரையெல்லாம் எழுதுறேல்ல. வர வேண்டியவருக்கு உடம்பு சரியில்ல. ரெண்டு நாள் வந்து சரித்திரத்த எடுத்துட்டுப் போ" என்றார். மறுக்க முடியவில்லை.

வந்திருந்தவர்களில் ஒருவர் சிவகாசியில் அச்சகத் தொழிலாளி. இரண்டு பேர் ராஜபாளையம் பஞ்சாலையில் ஷிப்ட் வேலை. ஒரு வெல்டர், ஒரு ஆட்டோக்காரர், ஒரு பாலிடெக்னிக் மாணவன். எவருக்கும் முழுநேர இறையியல் கல்லூரிக்குப் போக வசதியோ நேரமோ இல்லை. மாதம் ஒரு சனி, ஞாயிறு இப்படி உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து ஆளுக்கொரு கிராமத்தில் ஜெபக்கூட்டம் நடத்தப் போவார்கள்.

சார் என் கையில் 62 பக்க ஜெராக்ஸ் குறிப்பு ஒன்றைக் கொடுத்தார். பல வருடங்களாக, பல கைகளில் மாறி வந்தது. யார் எழுதியது என்று அதில் பெயர் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் குறிப்பைப் பற்றிய விமர்சனம்தான். அதையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு விமர்சிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ்க் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் சரித்திரத்தைத் தெரிந்துகொள்வது ஆய்வு நூல்களிலிருந்து அல்ல. இப்படிப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டு வந்தவர்கள் செய்யும் பிரசங்கங்களிலிருந்துதான்.

குறிப்பின் வரிசை நாம் எல்லோரும் அறிந்தது. அப்போஸ்தலர் காலம், உபத்திரவ காலம், கான்ஸ்டன்டைன், இருண்ட காலம், மார்ட்டின் லூத்தர், வில்லியம் கேரி. பிறகு நம்மூர்: தரங்கம்பாடியில் சீகன்பால்க், தஞ்சாவூரில் ஸ்வார்ட்ஸ், பாளையங்கோட்டையில் ரேனியஸ், சிவகாசியில் ராக்லாந்து. ஒவ்வொருவருக்கும் இரண்டு, மூன்று பக்கம். எல்லோருக்கும் ஒரே அமைப்பு. இன்ன ஊரில் பிறந்தார், இன்ன வயதில் அழைப்பைப் பெற்றார், கப்பலேறினார், காய்ச்சலில் மனைவியையோ பிள்ளையையோ இழந்தார், ஆனாலும் தளரவில்லை, இன்னின்னதைச் செய்தார், இன்ன தேதியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இந்த அமைப்பு எனக்குப் பழக்கமானது. கன்வென்ஷன் கூட்டங்களில் மைக்கைப் பிடித்து ஒருவர் சொல்லும் சாட்சியின் அமைப்பு அது. முன்பு இருட்டில் இருந்தேன், ஒருநாள் சந்திக்கப்பட்டேன், இன்று இப்படி நிற்கிறேன். மூன்று படிகள். சாட்சி என்ற வடிவத்தை நான் மட்டமாக நினைக்கவில்லை. குடியை விட்ட ஒரு மனிதன் தன் தெருக்காரர்கள் முன்னால் நின்று பேசும்போது அதில் இருக்கும் நேர்மை பல நவீனத் தன்வரலாறுகளில் கிடையாது. ஆனால் சாட்சி ஒரு மனிதனுக்குரிய வடிவம். மூன்றாவது படியோடு அது முடிந்துவிட வேண்டும். ஒரு சபையின், ஒரு சமூகத்தின் கதையை அந்த வடிவத்துக்குள் அடைத்தால், மூன்றாவது படிக்குப் பிறகு நடந்தவற்றைச் சொல்ல அதில் இடமே இருக்காது.

முதல் நாள் எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. குறிப்பை அப்படியே 40 ஸ்லைடாக மாற்றிக்கொண்டு போயிருந்தேன். படங்கள், தேதிகள், வரைபடம். மாலை நான்கு மணிவாக்கில் ரேனியஸை முடித்தேன். பாலிடெக்னிக் பையன் கையைத் தூக்கினான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? இவங்க எல்லாரும் அங்கருந்து வந்து இவ்வளவு செஞ்சாங்க, சரி. அப்புறம் ஏன்ணே எங்க ஊர்ல ரெண்டு கல்லறத் தோட்டம்?"

கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அந்தக் கேள்வி புரிந்தது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் கிறிஸ்தவர்களுக்குள் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் உண்டு என்பது யாருக்கும் செய்தி அல்ல. "அது மனுஷனோட பலவீனம் தம்பி, சபையோட தப்பில்ல" என்று ஏதோ சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் என்னைத் தூங்கவிடவில்லை. இன்னும் சில வருடங்களில் அந்த இரண்டு கல்லறைகளில் ஏதோ ஒன்றின் ஓரத்தில் பைபிளோடு நிற்கப்போகிறவன் அவன். அன்றைக்குச் சொல்வதற்கு 62 பக்கத்தில் ஒரு வரி கிடையாது. என்னுடைய 40 ஸ்லைடிலும் கிடையாது.

அன்றிரவு குறிப்பை மூடிவிட்டு வேதாகமத்தைத்தான் புரட்டினேன். சரித்திரத்தை எப்படிச் சொல்வது என்பதற்கு அதிலேயே இரண்டு முறைகள் இருப்பது அப்போதுதான் உறைத்தது.

1 நாளாகமம் 20ஆம் அதிகாரம் ஒரு போரோடு தொடங்குகிறது. ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலம். யோவாப் படையோடு போய் அம்மோனியரின் ரப்பாவை முற்றுகையிடுகிறான். தாவீது எருசலேமிலேயே இருந்துவிடுகிறார். ரப்பா விழுகிறது. அடுத்த வசனத்தில் அந்நாட்டு ராஜாவின் கிரீடம் தாவீதின் தலையில் இருக்கிறது. 2 சாமுவேல் 11ஆம் அதிகாரமும் அதே போரோடு, ஏறக்குறைய அதே சொற்களோடுதான் தொடங்குகிறது. ஆனால் தாவீது எருசலேமில் இருந்தார் என்பதற்கும் கிரீடத்துக்கும் நடுவே அங்கே ஏறத்தாழ இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. மாடியில் உலாவிய சாயங்காலம், பத்சேபாள், உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பப்பட்ட அவனுடைய மரணக் கடிதம், நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதை, செத்துப்போன குழந்தை. நாளாகமத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. அம்னோனும் தாமாரும் இல்லை. அப்சலோமின் கலகமும் இல்லை.

நாளாகமக்காரரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. சிறையிருப்பிலிருந்து திரும்பிவந்து இடிபாடுகளுக்கு நடுவே நிற்கும் ஒரு ஜனத்துக்காக எழுதப்பட்ட புத்தகம் அது. அவர்களுக்கு ஆலயம் வேண்டும், ஆராதனை முறை வேண்டும், தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ள ஒரு ராஜா வேண்டும். தாவீது ஜனங்களைக் கணக்கெடுத்துச் செய்த குற்றத்தை அவர் மறைக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கதை ஆலயம் எழும்பவேண்டிய இடத்தில் போய் முடிகிறது. தன் நோக்கத்துக்கு எது உதவுமோ அதை எடுத்துக்கொண்டார்.

என் தொழிலில் இதற்கு ஒரு உதாரணம் உண்டு. ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வெளியாகும்போது கூடவே ஒரு வெளியீட்டுக் குறிப்பும் வரும். புதிதாக என்னென்ன வசதிகள் என்று மட்டும் அதில் இருக்கும். உள்ளே இன்னொரு பதிவேடு இருக்கிறது. யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார், அதனால் எது உடைந்தது, யார் சரிசெய்தார் என்பதெல்லாம் அதில்தான். வாடிக்கையாளருக்கு முதலாவது போதும். அந்த மென்பொருளைப் பராமரிக்கப் போகிற புது ஆளிடம் முதலாவதை மட்டும் கொடுத்தால் அவன் முதல் வாரமே முழிப்பான். ஊழியத்துக்குப் போகிறவன் வாடிக்கையாளன் இல்லை. அவன் பராமரிக்கப் போகிறவன்.

வேதாகமத்தைத் தொகுத்தவர்கள் இரண்டையும் உள்ளே வைத்தார்கள். நாளாகமத்தை வைத்துக்கொண்டு சாமுவேலை நீக்கிவிடவில்லை. போதாக்குறைக்கு மத்தேயு, இயேசுவின் வம்ச வரலாற்றை எழுதும்போது சாலொமோனின் தாயைப் பெயரால் சொல்லாமல் உரியாவின் மனைவியாக இருந்தவள் என்கிறார். நாளாகமம் விட்ட இடத்தில் விரலை வைத்து அழுத்துவது போல. மீட்பரின் வம்சாவளியிலேயே அந்தப் பழைய குற்றம் பதிவாகிவிடுகிறது.

நம்முடைய 62 பக்கக் குறிப்பு சுத்தமான நாளாகமம். பயிற்சி வகுப்புகளில் வேதபாடம் ஒருபுறம், சபைச் சரித்திரம் ஒருபுறம் என்று தனித்தனியாக நடக்கின்றன. வேதபாடத்தில் பேதுரு மறுதலித்ததையும் தாவீது விழுந்ததையும் ஒளிவு மறைவில்லாமல் சொல்லித் தருகிறோம். அடுத்த வகுப்பில் ஸ்வார்ட்ஸ் ஐயர் என்று வந்தவுடன் குரல் மாறிவிடுகிறது. வேதாகமத்தைப் படிக்கிற கண்ணால் சபைச் சரித்திரத்தைப் படிப்பதில்லை என்பதுதான் என் முதன்மையான குற்றச்சாட்டு.

அந்தக் கண்ணால் படித்தால் என்ன தெரியும்? பையன் கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன்.

சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714, 1715இல் அச்சாகி வந்தது. 1716இல் உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. பிளவக்கல் கொட்டகையில் நான் எடுத்த வகுப்பின் கொள்ளுத்தாத்தா அது. இவை எல்லாம் குறிப்பில் இருக்கின்றன. 1733இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார், இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் சுதேசிப் போதகர் அவரே என்பதும் இருக்கிறது. ஆரோன் கடலூர்க்காரர், வேளாளர் என்பது இல்லை.

ராஜநாயக்கன் என்ற பெயர் குறிப்பில் எங்குமே இல்லை. அவர் தஞ்சாவூர் ராஜாவின் படையில் சேவகர், பறையர் சாதியில் பிறந்தவர், கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதப்புத்தகத்தைத் தானே படித்து, அந்தப் படிப்பினாலேயே லுத்தரன் சபைக்கு வந்து உபதேசியார் ஆனவர். மிஷனரிகள் போய்த் தங்க முடியாதிருந்த தஞ்சாவூர் சீமையில் ஊழியத்தை அவர்தான் தாங்கினார். இரண்டாவது சுதேசிப் போதகரை நியமிக்கும் பேச்சு வந்தபோது அவர் பெயர் எழுந்தது. ஆனால் அவர் கையால் இராப்போஜனம் வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741இல் குருப்பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. ராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

இரண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வழி இந்த இடத்தில் தொடங்குகிறது. 'மனுஷனோட பலவீனம்' என்று நான் பையனிடம் சொன்னது பொய். இது ஒரு முடிவு. ஆலோசித்து, எழுதி, ஒப்புதல் பெற்று எடுத்த முடிவு. எடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. கடலோரத்து ஒரு சிறு கூட்டம் சிதறிவிடக் கூடாது என்று பயந்தவர்கள். அதனால்தான் இதைச் சொல்லியாக வேண்டும். கெட்டவர்கள் எடுத்த முடிவிலிருந்து ஒரு ஊழியன் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. நல்லவர்கள் பயத்தில் எடுக்கும் முடிவுதான் நாளைக்கு அவன் மேசைக்கும் வரப்போகிறது.

அடுத்து வேதநாயகம் சாஸ்திரியார். குறிப்பில் அவருக்கு அரைப் பக்கம், அதுவும் பாடகராக. 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். ஸ்வார்ட்ஸ் அவரைச் சிறுவனாகத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். தரங்கம்பாடியில் இறையியல் படித்தார். இளவயதிலேயே தஞ்சாவூரில் ஊழியரைப் பயிற்றுவிக்கும் பள்ளிக்குத் தலைவரானார். நம் பாடத்தின் நேரடி முன்னோடி என்றால் அவர்தான். 'பெத்லகேம் குறவஞ்சி'யில் குறத்தியையும் வானசாஸ்திரத்தையும் வேதத்தையும் ஒரே மேடையில் ஏற்றிய துணிச்சல் அவருக்கு இருந்தது. இன்றும் அவர் பாட்டுப் பாடாத தமிழ்ச் சபை கிடையாது.

ஸ்வார்ட்ஸுக்குப் பின் வந்த புது மிஷனரிகளோடு 1820களில் அவர் மோதினார். அவருடைய புகார்கள் நான்கு. பழகிய தமிழ் வேதாகமத்தைத் திருத்துகிறார்கள், சாதிகளைக் கலந்து உட்கார வைக்கிறார்கள், பண்டிகைகளில் பூவை விலக்குகிறார்கள், தமிழ்ப் பாட்டை நிறுத்துகிறார்கள். இவற்றில் மூன்று புகார்களை இன்று படித்தால் நாம் எழுந்து நின்று கைதட்டுவோம். தன் மொழிக்கும் தன் இசைக்கும் தன் பூவுக்கும் வெள்ளைக்காரனிடம் வாதாடிய கவிஞன். நான்காவதைப் படித்தால் கை அப்படியே நிற்கும். சாதியாசாரம் உலக வழக்கம், மதத்தில் சேராது, அதனால் சபைக்குள் தனித்தனியே உட்காரலாம் என்பது அவர் வாதம். அதற்காகவே தனியாக எழுதியும் இருக்கிறார்.

இந்த நான்கையும் பிரிக்க முடியாது என்பதுதான் அவரைப் படிக்கும்போது வரும் சிரமம். மூன்றை வைத்துக்கொண்டு ஒன்றை ஒளித்தால் அவர் பண்பாட்டு நாயகர். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் அவர் வெறும் சாதிமான். இரண்டுமே நாளாகம வேலைதான். ஒரே பேனாவில் நான்கும் வந்தன என்று சொல்வதுதான் சாமுவேல். அப்படிச் சொன்ன பிறகும் ஞாயிற்றுக்கிழமை அவர் பாட்டைப் பாடலாம். தாவீதின் சங்கீதங்களைப் பாடுகிறோம் அல்லவா?

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஏராளமானோர் எழுந்து வெளியேறினார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில் மதுரை. அமெரிக்க மதுரை மிஷன் 1842இல் திருமங்கலத்தில் தொடங்கி, 1845இல் பசுமலைக்கு மாற்றிய பயிற்சிப் பள்ளி இருந்தது. 1847இல் அந்த மிஷன் தன் ஊழியர்களுக்கு ஒரு சோதனை வைத்தது. விசுவாசத்தைப் பற்றிய தேர்வு அல்ல. எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். பல உபதேசியார்கள் வேலையை விட்டார்கள், பள்ளியிலிருந்து மாணவர்கள் விலகினார்கள். வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

இதைச் சொல்லும்போது கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தைத் திறக்காமல் எப்படி இருக்க முடியும்? அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து சில பேர் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகினார். பர்னபாவும் கூடவே இழுபட்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார். சபைச் சரித்திரத்தின் ஆரம்ப காலத்துப் பெரும் சண்டையே யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதில்தான் வந்தது. அப்போஸ்தலர் நடபடிகளில் இந்தச் சம்பவம் இல்லை. பவுலின் கடிதம் தப்பிப் பிழைத்ததால் நமக்குத் தெரிகிறது. அந்தியோகியாவிலிருந்து பசுமலைக்கு 1,800 வருட தூரம். பந்தி ஒன்றுதான்.

இன்னொரு பெயரும் குறிப்பில் இல்லை. அது விடுபட்டதற்கான காரணம் வேறு என்று நினைக்கிறேன். சட்டம்பிள்ளை என்று வழங்கப்பட்ட அருமைநாயகம். 1823இல் பிறந்தவர், சாயர்புரம் செமினரியில் பயின்றவர், நாசரேத் பக்கம் உபதேசியாராக இருந்தவர். அங்கிருந்த மிஷனரியோடு மோதல் ஏற்பட்டுப் பதவியை இழந்தார். கால்டுவெல் 1849இல் நாடார்களைப் பற்றி, அக்காலத்தில் வழங்கிய, இன்று அச்சமூகம் ஏற்காத பெயரில், ஒரு சிறு நூல் வெளியிட்டிருந்தார். அந்த மக்களைத் தாழ்த்தி எழுதியது என்று பெரும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களின் முன்வரிசையில் சட்டம்பிள்ளை இருந்தார். 1857இல் வெள்ளைக்காரக் குருமார் இல்லாத, ஐரோப்பியப் பணம் இல்லாத தனிச் சபை ஒன்றைத் தொடங்கினார்.

அவர் எடுத்த ஆயுதம் அவருக்கு வகுப்பில் கொடுக்கப்பட்ட அதே புத்தகம். எபிரேயமும் கிரேக்கமும் படித்தார். ஓய்வுநாள் சனிக்கிழமை என்றுதானே எழுதியிருக்கிறது, ஞாயிறு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். தூபம், தரையில் உட்காருதல் இவையெல்லாம் வேதத்து மனிதர்களின் வழக்கம், நம்முடைய வழக்கமும் அதுதான், நடுவில் ஐரோப்பியர் சேர்த்ததை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று வாதிட்டார். வேதத்தையும் சபைச் சரித்திரத்தையும் ஒன்றாகப் படித்தவன் கேட்கும் கேள்வி இது. ஆசிரியர்களுக்கு அது பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. அவரையும் நான் நாயகராக்கவில்லை. அவருடைய கலகத்தில் தன் சாதியின் மானத்தைக் காக்கும் வேகம் இருந்தது. அது எல்லாச் சாதியின் மானத்துக்குமான வேகமாக விரியவில்லை. ஆனாலும் பயிற்சி வகுப்பின் பலன் எதுவரை போகலாம் என்பதற்கு அவரைவிடப் பெரிய சான்று இல்லை. குறிப்பு எழுதியவர் அவரை மறந்திருக்க மாட்டார், பயந்திருப்பார் என்பது என் ஊகம்.

குறிப்பில் பிளவக்கல்லுக்கு மிகப் பக்கத்தில் வருபவர் ராக்லாந்து. கேம்பிரிட்ஜில் படித்தவர், 1854 முதல் சிவகாசியை மையமாக வைத்து, அன்று திருநெல்வேலி ஜில்லாவின் வடபகுதியாக இருந்த இந்த ஊர்களில் கூடாரமடித்து ஊர் ஊராகப் போனவர், 1858இல் சிவகாசியில் இறந்தவர். மூன்று பக்கம் அவருக்கு. அந்தக் கூடார ஊழியத்தில் தெற்கத்திச் சபைகளின் உபதேசியார்கள் முறைவைத்து வந்து ஒரு மாதம் தங்கிப் போனார்கள். செலவை அந்தச் சபைகளே ஏற்றன. கரிசல் வெயிலில் கூடவே நடந்தவர்கள், கிராமத்துப் பேச்சில் பேசியவர்கள், ஏச்சு வாங்கியவர்கள் அவர்கள். குறிப்பில் அவர்களுக்கு ஒரே ஒரு சொல்: 'உதவியாளர்கள்'. கொட்டகையில் என் முன்னால் உட்கார்ந்திருந்த 14 பேரும் ராக்லாந்தின் வாரிசுகள் அல்ல. அந்த 'உதவியாளர்'களின் வாரிசுகள். தங்கள் முன்னோர் பெயரில்லாமல் வரும் சரித்திரத்தை அவர்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் இரவு சாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீ சொல்றது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா? இந்தப் பிள்ளைங்க வீட்டுல பாதி பேருக்கு ஆதரவு கிடையாது. ஊர்ல போய் நின்னா வெரட்டுவான். அங்க தனியா நிக்கறப்ப அவனுக்குத் தெம்பு குடுக்கறது சீகன்பால்க்கோட கதைதான். நீ ரெண்டு நாள் வந்து எல்லாத்தையும் கலைச்சுப்போட்டுட்டு பெங்களூர் பஸ் ஏறிருவ. அப்புறம் நாந்தான இருக்கணும்?"

இதற்கு எளிய பதில் இல்லை. விமர்சனம் எழுதுபவன் விளைவுகளோடு குடியிருப்பதில்லை என்பது உண்மை. தெம்பு என்பதும் சின்ன விஷயம் இல்லை. நாளாகமமும் தெம்புக்காகத்தான் எழுதப்பட்டது, அதுவும் வேதம்தான். ஆனால் சார் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை என்று எனக்குப் பட்டது. அந்தப் பையன் ஏற்கெனவே கேட்டுவிட்டான். இரண்டு கல்லறையும் அவன் ஊரில் ஏற்கெனவே இருக்கின்றன. நாம் சொன்னால்தான் அவன் விசுவாசம் ஆட்டம் காணும் என்பது நம்முடைய கற்பனை. சொல்லாவிட்டால், இந்தச் சரித்திரத்துக்கும் தன் ஊருக்கும் சம்பந்தமில்லை என்று முடிவு செய்து, பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடுவான். தெம்பு கொடுக்க வேண்டிய கதையும் அத்தோடு போகும். ராஜநாயக்கனின் கதையில் தெம்பு இல்லையா என்ன? குருப்பட்டம் மறுக்கப்பட்ட பிறகும் அவர் 30 வருடம் ஊழியம் செய்தார். எனக்குத் தெரிந்த எந்த மிஷனரி வரலாற்றையும்விட அது கனமானது.

முறையான இறையியல் கல்லூரிகளில் நிலைமை இவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், பரட்டை அண்ணன் என்று அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டுகளில் ஆராதனை முறையையே அமைத்து, வருங்காலப் போதகர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 'ஒரு உலை' என்பது அவருடைய இறையியலின் மையம். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிடுவது. அதை ஏதோ கிராமியக் கற்பனை என்று சிலர் ஒதுக்குவதைக் கேட்டிருக்கிறேன். 1741இன் இராப்போஜனத்தையும் 1847இன் பந்தியையும் அறிந்தவனுக்கு அது கற்பனையாகத் தெரியாது. அந்தச் சரித்திரத்துக்கு 20ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட மறுமொழி என்று தெரியும். ஆனால் அரசரடியில் நடந்தது பிளவக்கல்லுக்கு வந்து சேரவில்லை. கல்லூரிக்கும் கொட்டகைக்கும் நடுவே புழங்குவது அந்த 62 பக்க ஜெராக்ஸ்தான்.

மறுநாள் காலை புரஜெக்டரைப் போடவில்லை. 14 பேரையும் ஏழு ஜோடிகளாக உட்கார வைத்தேன். ஒருவர் 2 சாமுவேல் 11, 12. இன்னொருவர் 1 நாளாகமம் 20. ஒரு வசனம் அவர், ஒரு வசனம் இவர் என்று மாறி மாறி வாசிக்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் நாளாகமம் வைத்திருந்தவர்கள் வாசிக்க ஒன்றுமில்லாமல் சும்மா இருந்தார்கள். சாமுவேல் வைத்திருந்தவர்கள் வாசித்துக்கொண்டே போனார்கள். பஞ்சாலைக்காரர் ஒருவர், "பிரதர், எங்க புக்குல பக்கம் எதுவும் கிழிஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

"கிழியல. அப்படித்தான் எழுதியிருக்கு" என்றேன்.

பாலிடெக்னிக் பையன் சற்று நேரம் கழித்துச் சொன்னான்: "அப்ப நம்ம நோட்ஸ்லயும் பக்கம் இருக்கும்ணே. காணாமப் போனது."

பிறகுதான் ராஜநாயக்கனைப் பற்றிப் பேசினேன். மதியம்வரை வேறெதையும் எடுக்கவில்லை. வில்லியம் கேரியையும் ராக்லாந்தையும் முடிக்காமலே விட்டேன். சார் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். பஸ் ஏற்றிவிடக் கிருஷ்ணன்கோவில் வரை டூவீலரில் கூட்டி வந்தபோது எதுவும் பேசவில்லை. பஸ் வந்ததும், "அந்த ராஜநாயக்கன ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பு. ஒரு பக்கந்தான். நீட்டாத" என்றார்.

எழுதி அனுப்பினேன். அடுத்த மாத வகுப்பில் 63ஆம் பக்கமாக அதைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்ததாகப் பையன் போனில் சொன்னான்.